கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாட்சி

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த ஒரு நிகாஹ் வைபவத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சகோதரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "மௌலவி, உங்கட காருல கமரா ஒண்டு பூட்டியிருக்கீங்க தானே? நானும் ஒண்டு வாங்கணும். விலையும் கூடப்படாது, சாமானும் நல்லா இருக்கணும். எத வாங்கலாம்?"

தொழுகையைப் பற்றியோ வாரிசுப் பங்கைப் பற்றியோ கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். கமராவைப் பற்றி ஒரு மௌலவியிடம் கேட்பது மீன் கடையில் புடவை விலை கேட்பது போன்றது. ஆயினும் இந்த ஒரு விடயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் இரண்டு கமராக்கள் வாங்கியவன். ஒன்றில் காசு வீணாயிற்று. மற்றது நல்ல சாமான்; அது வேறொரு வகையில் எனக்குச் செலவு வைத்தது. அன்று அவருக்கு அவசரத்தில் இரண்டு வார்த்தைதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

2022 ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாள், பேராதனையில் ஒரு வேலையாக மாவனல்லையிலிருந்து புறப்பட்டுக் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தேன். அந்த ஏற்றத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு அதன் சுபாவம் தெரியும். எனக்கு முன்னால் பாரம் ஏற்றிய லொறி ஒன்று. ஒரு வளைவில் அது நின்றது, நானும் நின்றேன். சற்று நேரத்தில் அது மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். பின்னால் ஒரு பஸ் நின்றதால் பின்வாங்க இடமில்லை. லொறியின் பின்பலகை என் காரின் பொனட்டில் வந்து உட்கார்ந்தது.

இறங்கி வந்த சாரதி எடுத்த எடுப்பிலேயே, நான்தான் பின்னால் வந்து மோதிவிட்டதாகச் சொன்னார். கூடியவர்களும் அதையே நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் நிற்பவனே மோதியவன் என்பது ரோட்டில் எழுதாத சட்டம். நடந்ததைக் கண்ணால் கண்டவர் பஸ் சாரதி ஒருவர்தான். அவருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்று, கடைசியில் என் காரின் சேதத்தை நானே பொறுப்பேற்று, உடைந்த லொறி விளக்குக்கும் 6,000 ரூபா கொடுத்துவிட்டு வீடு வந்தேன்.

பணம் போனதை விட வேறொன்றுதான் மனதை அரித்தது. அரபுக் கல்லூரியில் ஆண்டுதோறும் சாட்சியம் பற்றிய பாடத்தை நடத்துகிறவன் நான். உரிமை கோருபவனே ஆதாரம் காட்ட வேண்டும் என்று எத்தனை மாணவர்களுக்கு விளக்கியிருப்பேன்! அன்று நடு ரோட்டில் உண்மை என்னிடம் இருந்தது, ஆதாரம் இல்லை. அன்றிரவே ஒரு கமரா வாங்குவதென்று முடிவு செய்தேன்.

இந்தக் கமராக்கள் நம் நாட்டுக்குப் புதிதாக வந்தவை போலத் தோன்றினாலும், வேறு இடங்களில் பழையவை. ருஷ்யாவில் விபத்து மோசடிகளுக்குப் பயந்து பெருந்தொகையானோர் இவற்றைப் பூட்டி வைத்திருந்ததால்தான், 2013 பெப்ரவரி 15 ஆம் திகதி செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் எரிந்து விழுந்த காட்சி அத்தனை கார்களில் பதிவானது. ஜப்பானில் 2017 ஜூன் மாதம், டோமேய் அதிவேகப் பாதையில் ஒரு சாரதி வேண்டுமென்றே வழிமறித்து நிறுத்திய வாகனத்தின் மீது லொறி மோதி ஒரு கணவனும் மனைவியும் பலியானார்கள். அதன் பிறகு அங்கே இவற்றின் விற்பனை மளமளவென்று கூடியது. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வரும் சில கார்களில் கமராவும் பூட்டியபடியே வருவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

என் கார் அப்படி வந்ததல்ல. ஆனால் ஜப்பான் பெண்மணி ஒருவரின் குரல் மட்டும் அதில் வந்து சேர்ந்திருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்வார். என் இளைய மகள் பதிலுக்கு "வஅலைக்கும் ஸலாம்" சொல்லிக்கொண்டிருந்தாள். அது நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்ற அறிவிப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, முதல் கமராவுக்கு வருவோம். புறக்கோட்டையில் ஒரு சிறு கடையில் 7,500 ரூபாவுக்கு வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '4கே' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே பார்க்கும் கண்ணாடியின் மேல் மாட்டும் வகை; முழுக் கண்ணாடியும் திரையாக ஒளிர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கும் பெருமைதான்.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, எங்கள் வீதியில் ஒரு வேன் என் காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. அவசரமாக வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். வேன் தெரிந்தது. அதன் நிறம்கூடத் தெரிந்தது. இலக்கத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சக் கட்டி மட்டும் இருந்தது. நம் நாட்டில் வாகனங்களின் பின்பக்கத் தகடு மஞ்சள் நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். நம் காரின் விளக்கு அதில் பட்டுத் திரும்பும்போது மட்டமான கமரா கூசிப்போகும். பகலில் எடுத்த பதிவையும் பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் போன எந்த வாகனத்தின் இலக்கமும் வாசிக்கும்படி இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் கமராவின் முதுகு வீங்கி, ஒட்டிய இடம் பிளந்து, ஒரு நாள் பகல் ஒரு மணி வெயிலில் நின்றே போயிற்று.

எங்களிடம் முன்பு இரண்டு வருடம் ஓதிவிட்டு, பின்னர் மோட்டார் மின்வேலை பழகிக் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹஸ்ரத், 4கே எண்டா எண்பத்து மூணு லட்சம் புள்ளி வேணும். இதுக்குள்ள இருக்கிற சில்லு இருபது லட்சம் புள்ளிதான் பிடிக்கும். மிச்சத்த இதுவே கற்பனை பண்ணி நிரப்புது" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 4கே படம் என்பது 3840 பெருக்கல் 2160 புள்ளிகள். சாதாரண முழு எச்டி என்பது 1920 பெருக்கல் 1080. முன்னையது பின்னையதன் சரியாக நான்கு மடங்கு. நாலில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மீதியை இட்டுக்கட்டிச் சொல்லும் சாட்சியை எந்தக் காழி ஏற்பார்? சாமானின் குறையை மறைத்து விற்பதைப் பிக்ஹு நூல்களில் 'தத்லீஸ்' என்பார்கள். பாடத்தில் அதற்கு உதாரணம், விற்பதற்கு முன் பால் கறக்காமல் மடி பெருக்க வைத்த ஆடு. இப்போதெல்லாம் இந்தக் கமராவையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்குகிறது.

அந்த மாணவரின் கடையில் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பெட்டியின் மேல் உள்ள எழுத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் படம் பிடிக்கும் சில்லு எது என்று கேட்க வேண்டும். சோனி நிறுவனத்தின் 'ஸ்டார்விஸ்' வகைச் சில்லு மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகப் பிடிக்கும். அதைப் போட்ட கம்பனிகள் பெயரை மறைக்காமல் சொல்லும். கேட்டதற்குக் கடைக்காரர் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வில்லையின் எண் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ளே போகும், 1.8 நல்லது, 2.4 சுமார். சொந்தச் சில்லால் பிடிக்கும் முழு எச்டி, பொய்யான 4கேயை விட எவ்வளவோ மேல். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 2560 பெருக்கல் 1440 அளவில் பிடிப்பதை வாங்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பார்வைக் கோணம் அகலமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். 170 பாகை என்று போட்டிருந்தால் ரோட்டின் இரு கரையும் தெரியும். ஆனால் முன்னால் போகும் வாகனம் தூரத்தில் எறும்பு போலத் தெரியும். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு எதையும் சரியாகப் பார்க்காதது அது. 140 பாகை அளவே நமக்குப் போதும்.

அடுத்தது வெயில். நம் நாட்டில் கமரா வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். கடையில் யாரும் கேட்பதில்லை. பகலில் வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பாகங்கள் 70 பாகை செல்சியஸ் வரை சூடேறும். கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற லித்தியம் பெட்டரி கமராவுக்குள் இருந்தால் அந்தச் சூட்டில் வீங்கும். என் முதல் கமராவுக்கு வந்த வியாதி அதுதான். பெட்டரிக்குப் பதிலாக 'சுப்பர் கெபாசிட்டர்' எனப்படும் சிறு மின்தேக்கி வைத்த கமராக்களும் உண்டு. வாகனத்தை நிறுத்தியதும் கடைசிப் பதிவை ஒழுங்காக மூடி வைக்க வேண்டிய சில வினாடிகளுக்கு மட்டும் அது மின்சாரம் கொடுக்கும். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. சூட்டை நன்றாகத் தாங்கும். சீனாவின் வியோஃபோ போன்ற கம்பனிகள் நடுத்தர விலையிலேயே இதைப் போடுகின்றன. கொரியாவின் பிளக்வியூ, திங்க்வெயார் என்பவை நல்லவை; விலை நமக்கு எட்டாது.

திரை பெரிதாக இருப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஓட்டும்போது அதைப் பார்க்கவும் கூடாது. திரைக்குக் கொடுக்கும் காசைச் சில்லுக்குக் கொடுங்கள்.

இப்போது மெமரி காட். கமராவுக்கு 20,000 கொடுத்துவிட்டு, காட்டுக்கு 1,000 ரூபா கொடுக்க மனம் வராதவர்களை அந்த மாணவர் தினமும் காண்கிறாராம். கைத்தொலைபேசிக் காட்டில் எப்போதாவது ஒரு படம் எழுதப்படும். கமராவின் காட்டிலோ வாகனம் ஓடும் நேரமெல்லாம் எழுதி, நிறைந்ததும் பழையதை அழித்து, மேலே மீண்டும் எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே 'ஹை என்டியூரன்ஸ்' என்று குறிக்கப்பட்ட, அடிக்கடி எழுதுவதற்கென்றே செய்த காட்டைத்தான் போட வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். முன் கமரா வினாடிக்கு 16 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபிக்குச் சற்று மேல். 64 ஜிபி காட்டில் எட்டு மணித்தியாலம் அளவுக்கு நிற்கும். பின் கமராவும் சேர்ந்தால் ஏறக்குறையப் பாதி. எனவே இரண்டு கமராவுக்கு 128 ஜிபி எடுத்தால் மனநிம்மதி. மேலே 128 என்று அச்சிட்டு உள்ளே 16 மட்டும் வைத்த போலிக் காட்டுகளும் சந்தையில் திரிகின்றன. வாங்கியதும் கணினியில் போட்டு, நிறையும் வரை எழுதித் திரும்ப வாசித்துப் பாருங்கள். மாதம் ஒரு தடவை கமராவிலேயே காட்டைத் துடைத்துப் புதிதாக்குவதும் நல்லது.

இத்தனையும் கேட்டபின் 2023 இல் இரண்டாவது கமராவை வாங்கினேன். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு வில்லைகள், 24,500 ரூபா. காட்டும், நேரடியாகப் பியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயரும், பூட்டுக்கூலியும் சேர்ந்து 33,000 ஆயிற்று. பின் கமரா அவசியமா என்று என் மனைவி கேட்டார். மாணவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்: முன்னால் நடப்பதை நம் கண்ணும் பார்க்கும், முதுகில் யாருக்கும் கண் இல்லை. அவருக்குச் சமாதானமாகவில்லை. ஆனாலும் அந்த மாதம் ஒரு செலவைக் குறைத்துக்கொண்டார்.

பூட்டிய பிறகு மூன்று விடயங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதலாவது, திகதியும் நேரமும். தவறான திகதி பதிந்த பதிவு பிறகு பெரும் தலையிடி. இரண்டாவது, விளக்கு மின்னல் அமைப்பை 50 ஹேர்ட்ஸில் வைத்தல். நம் நாட்டு மின்சாரம் அந்த அளவு. இல்லாவிட்டால் தெரு விளக்குகள் பதிவில் துடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, அதிர்ச்சியை உணரும் பாகம். மோதல் ஏற்பட்டால் அந்த நிமிடப் பதிவை அழியாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. அதைக் கூடிய உணர்வில் விட்டிருந்தேன். எங்கள் ஊர் உள்வீதியின் ஒவ்வொரு குழியையும் அது விபத்தென்று எடுத்துக்கொண்டு, ஒரு கிழமைக்குள் காட் முழுவதையும் பூட்டிவிட்டது. குறைந்த உணர்வில் வைத்தேன், சரியாயிற்று.

வாகனம் நிற்கும்போதும் விழித்திருக்கும் வசதி உண்டு. அதற்குப் பெட்டரி இறங்குமுன் தானாக நிறுத்தும் வயர் கட்டாயம் வேண்டும். சிறிய கார்களின் பெட்டரி இரண்டு மூன்று நாள் தாங்காது. வயரைக் கண்ணாடிக் கரைத் தூண் வழியாக இழுக்கும்போது, அங்கே காற்றுப்பை மடித்து வைத்த கார்களில் அதற்குக் குறுக்கே போட விடாதீர்கள். பழகிய கையைக் கொண்டே செய்விக்க வேண்டும். கமரா சாரதியின் பார்வையை மறைக்காமல், உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கி இருக்க வேண்டும்.

இவ்வளவும் சாமானைப் பற்றிய கதை. இனிச் சொல்லப்போவதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2024 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு, மனைவியுடன் என் தாத்தாவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூறல். பஸாரைக் கடந்ததும் வலப்பக்கம் ஓர் ஒழுங்கை. திரும்பினேன். பின்னால் வந்து என்னை முந்த முயன்ற மோட்டார் சைக்கிள் ஒன்று காரின் வலது முன்சில்லுக்கருகில் மோதிச் சரிந்தது. பையன் ஒருவன் எழுந்து நின்றான். இருபது வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளை. முழங்கால் உரசியிருந்தது. சைக்கிளின் முன் கவை வளைந்து, விளக்கு சிதறிக் கிடந்தது.

"நான் சிக்னல் போட்டுத்தானே திரும்பினேன்! நீ விளக்கும் போடவில்லையே!" என்றேன் சிங்களத்தில். மனமறியப் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று உறுதியாக நம்பினேன். கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் எங்கள் ஊரார், என்னை அறிந்தவர்கள். ஒருவர் சொன்னார்: "மௌலவி பொய் சொல்லுவாரா? இவனுகள் விளக்கில்லாமத்தான் ஓடுவானுகள்." கடுகண்ணாவையில் என்னை ஒருவரும் நம்பவில்லை. இங்கே யாரும் அந்தப் பையனை நம்பவில்லை. அவன் இரண்டொரு தடவை வாய் திறந்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான். பையிலிருந்து 5,000 ரூபாவை எடுத்து என் கதவின் கீறலுக்கென்று நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

இஷாவுக்குப் பிறகு, பதிவைப் பத்திரப்படுத்தி வைப்போம் என்று காட்டைக் கழற்றிக் கணினியில் போட்டேன். காப்புறுதிக் கம்பனிக்குக் காட்ட உதவும் என்ற எண்ணம். முதலில் பின் கமராவின் பதிவு. தூறலுக்கு நடுவே சைக்கிள் வருகிறது. அதன் விளக்கு எரிகிறது. நன்றாகவே எரிகிறது.

முன் கமராவின் பதிவில் சத்தமும் உண்டு. அதில் முதலில் கேட்டது என் குரல்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஒருவரைப் பற்றி மனைவியிடம் கதைத்துக்கொண்டிருக்கிறேன். கதைத்த விதத்தை இங்கே எழுத முடியாது. அவர் கேட்டால் வருந்துவார். மனைவி "ம்" கொட்டுகிறார். தண்ணீர் துடைக்கும் கை கண்ணாடியில் தேய்கிறது. கார் திரும்புகிறது. மோதும் சத்தம்.

மீண்டும் போட்டுக் கேட்டேன். சிக்னல் போட்டால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதே பதிவில் பஸாருக்கு முன் ஒரு திருப்பத்தில் அது தெளிவாகக் கேட்கிறது. இந்தத் திருப்பத்தில் இல்லை. ஐந்தாறு தடவை கேட்டேன். தேய்க்கும் சத்தத்துக்குள் மறைந்திருக்குமோ என்று காதில் கருவி மாட்டியும் கேட்டேன். இல்லை.

ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரை ஏற்பதற்கு இரண்டு தகுதிகள் பார்ப்பார்கள். ஒன்று நேர்மை, மற்றது கேட்டதைப் பிசகாமல் காக்கும் 'ழப்த்' என்னும் நினைவுத் துல்லியம். நேர்மையான மனிதர்களே நினைவு பிசகியதால் தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த இரவு, 24,500 ரூபாச் சாமான் ஏற்கத்தக்க அறிவிப்பாளராகவும், நான் தள்ளப்பட வேண்டியவனாகவும் மேசையின் இரு பக்கமும் இருந்தோம். காட்டைத் துடைத்துப் புதிதாக்க ஒரு பொத்தான் போதும் என்ற நினைப்பு வந்ததையும் மறைக்கவில்லை. வந்தது. சற்று நேரம் இருக்கவும் செய்தது.

மறுநாள் காலை பையனின் வீட்டைத் தேடிப் போனேன். சைக்கிள் முற்றத்தில் சாய்ந்து நின்றது. தவணைக்கு எடுத்தது என்றார் தகப்பன். பையன் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறானாம். கணினியைத் திறந்து பதிவைப் போட்டுக் காட்டினேன், என் பேச்சை மட்டும் தாண்டி. தகப்பன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பையன்தான், "நான் சொன்னேன் தானே, விளக்கு எரிந்தது என்று" என்றான், என்னிடம் அல்ல, தகப்பனிடம். முதல் நாள் இரவு வீட்டிலும் அவனை நம்பவில்லை போலும். 5,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். கராஜில் 28,000 கேட்டார்கள். அதை நான் ஏற்றேன். காப்புறுதிக்காரரிடம் முதல் நாள் தொலைபேசியில் சொன்னதை மாற்றிச் சொன்னேன். பஸாரில் அந்தக் கடைக்காரர்களிடமும் போய்ச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. ஒருவர், "அத ஏன் மௌலவி இப்ப சொல்றீங்க, முடிஞ்ச கதை தானே" என்றார்.

பின் கமரா எதற்கு என்று கேட்ட என் மனைவிக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த பதில் அல்ல.

நீதிமன்றம் வரை போகும் விடயமானால், 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இத்தகைய பதிவுகளைச் சாட்சியாக ஏற்க வழி வைத்திருக்கிறது. பதிவில் கைவைக்கப்பட்டிருக்கக் கூடாது. மறுதரப்புக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். ஆகையால் ஏதும் நடந்தால் காட்டைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்துங்கள். துண்டு போட்டு முகநூலில் ஏற்றுவது கெட்டித்தனம் அல்ல. யாரோ ஒருவரின் மானம் அதில் இருக்கலாம். மற்றவரின் குறையைத் துருவித் தேட இது வாங்கிய சாமானும் அல்ல.

இன்னொன்று, ஒலிவாங்கி. அதை நிறுத்தி வைக்கவும் கமராவில் வழி உண்டு. வேறொருவரை ஏற்றிச் செல்லும்போது, உள்ளே பேசுவது பதிவாகிறது என்று சொல்லிவிடுவதோ, நிறுத்திவிடுவதோதான் முறை. மனைவி முற்றாக நிறுத்திவிடச் சொன்னார். நாங்கள் இருவர் மட்டும் போகும்போது நான் திறந்தே வைக்கிறேன். அதன் பிறகு காரில் எங்கள் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. திருப்பங்களில் 'டிக் டிக்' சத்தம் நன்றாகக் கேட்கிறது.

நிகாஹ் வீட்டில் கேட்ட சகோதரர் போன கிழமை கமரா வாங்கிவிட்டாராம். மின்தேக்கி வைத்தது, இரண்டு வில்லை, நல்ல காட். எல்லாம் சொன்னபடியே செய்திருக்கிறார். ஒலிவாங்கி விடயத்தை அன்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.